தெற்குச் சுவரில் சொன்ன பல்லி

பாண்டிமீனா மூன்றாவது முறையாக அந்தக் குமிழைத் திருகினாள். ஹெட்செட்டின் வலது காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவள் மாதிரிக் கண்ணைப் பாதி மூடிக் காத்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவளுடைய முதுகும் பின்னலும் மட்டும்தான் தெரிந்தன. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதும், அது வரவே வராது என்பதும் அந்த அறையில் எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் நான் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவனியாபுரம் பைபாஸில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் விமானி பயிற்சி அகாடமி. நான் இங்கே சிமுலேட்டர் டெக்னீசியன். சிமுலேட்டர் என்றால், தரையைவிட்டு ஒரு அங்குலமும் எழும்பாத விமானம். முன்பக்கம் மட்டும் இருக்கும், வாலும் இறக்கையும் கிடையாது, ஜன்னல்களுக்குப் பதில் திரைகள். கீழே பட்டறையில் இரும்பு கடைந்தால் இங்கே மேகத்துக்குள் விமானம் லேசாக அதிரும். பார்க்க வரும் பெற்றோர்களிடம் அது காற்றுக் கொந்தளிப்பு என்று சேர்மன் சொல்வார்.

அன்று பாண்டிமீனாவுக்குப் பரீட்சை. ஜன்னலில் எதுவும் தெரியாத மேகத்துக்குள், ரேடியோ கருவிகளை மட்டும் நம்பி ஓடுதளத்துக்கு வர வேண்டும். வருவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஐ.எல்.எஸ். ஓடுதளத்திலிருந்து வரும் சமிக்ஞை இரண்டு ஊசிகளை ஆட்டும். ஊசிகளை நடுவில் வைத்துக்கொண்டே வந்தால், கையைப் பிடித்து இருநூறு அடி வரைக்கும் இறக்கிவிடும். இன்னொன்று வி.ஓ.ஆர். கொஞ்சம் பழைய ஆள். திசையை மட்டும் சொல்வார், உயரத்தை நீயே பார்த்துக்கொள் என்பார். அவரை நம்பி வந்தால் அறுநூறு அடிக்குக் கீழே இறங்க அனுமதி கிடையாது. பரீட்சை வைத்த கேப்டன் வீரணன் மேகத்தை முந்நூறு அடியில் தொங்கவிட்டிருந்தார். அதாவது, ஐ.எல்.எஸ்ஸில் வந்தால் ஓடுதளம் தெரியும், வி.ஓ.ஆரில் வந்தால் தெரியாது. மதுரையில் சின்னப் பிள்ளைகூட எதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸ் ஒலியில் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு ஐடெண்ட் என்று பெயர். அதைக் காதால் கேட்டு, சரியான நிலையம்தான் என்று உறுதி செய்தபிறகே அதை நம்ப வேண்டும். நிலையத்தைப் பழுது பார்க்கும்போது ஐடெண்டை நிறுத்திவிடுவார்கள். ஊசி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், அழகாக நடுவில்கூட நிற்கும், பொய்யாக. அந்த ஊசியை நம்பினால் மலையில் போய் முட்டலாம்.

"ஐ.எல்.எஸ். ஐடெண்ட் கேக்கல சார்," என்றாள் பாண்டிமீனா.

பக்கத்து சீட்டில் கேப்டன் வீரணன் இருந்தார். பரீட்சையில் அவர் பேச மாட்டார். ஊசியைப் பேனாவால் இரண்டு முறை தட்டினார். உயிரோடுதானே இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் வி.ஓ.ஆருக்கு மாற்றினாள். எனக்கே அதன் ஐடெண்ட் சுவர் ஸ்பீக்கரில் லேசாகக் கேட்டது. "வி.ஓ.ஆர். ஐடெண்டிஃபைடு," என்றாள். அறுநூறு அடிக்கு வந்தாள். ஜன்னலில் வெறும் சாம்பல். அந்த உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, விதித்த இடம் வரைக்கும் வந்து, எதுவும் தெரியவில்லை என்றதும் பதறாமல் மேலே ஏறி, திருச்சிக்குப் போவதாக அறிவித்தாள். நான் பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், அம்புட்டு சுத்தமாக யாரும் ஓடுதளத்தைத் தவறவிட்டதில்லை.

கேப்டன் என்னைப் பார்த்து, போதும் என்று கையால் வெட்டிக் காட்டினார். திரையை நிறுத்தினேன்.

"எறக்க முடிஞ்ச பிளேனைத் திருச்சிக்கு ஓட்டிக்கிட்டுப் போற," என்றார். "நூத்தம்பது பேரு உள்ள இருக்கான்மா. மதுரையில பொண்ணு பாக்க வந்தவன் திருச்சியில எறங்கி என்ன பண்ணுவான்?"

"ஐடெண்ட் கேக்கல சார்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. நாலு நிமிஷம் வால்யூமைத் திருகிக்கிட்டே பாதையை விட்டு வெளிய போன. அதுக்கு ஒரு ஃபெயில். இன்னைக்கு இது ரெண்டாவது. உனக்கு முன்னாடி அம்பத்தோரு பேரு இதே சீட்ல உக்காந்து ஐடெண்டிஃபைடுன்னு சொல்லி எறங்கிருக்கான். அவனுக்கெல்லாம் கேட்டுச்சு, உனக்கு மட்டும் காது அடைச்சுக்கிச்சா?"

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இதான். சலுகையில வாரவங்களுக்குப் பயம் ஜாஸ்தி. புஸ்தகத்துல இருக்கறதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டீங்க."

அறையில் ஏசியின் சொட்டு வாளியில் விழும் சத்தம் கேட்டது. பாண்டிமீனாவின் அப்பா கருப்பு, செக்கானூரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் பிறந்தவர்; இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போடுகிறார். அவள் அரசாங்க உதவித்தொகையில் படிக்கிறாள். அட்டெண்டன்ஸ் ஏட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டிருந்தார்கள். அழிரப்பர் எல்லா மேஜையிலும் இருந்தது. யாரும் அழிக்கவில்லை. நானும்தான்.

"பயம்தான் சார்," என்றாள். "கேக்காததைக் கேட்டேன்னு சொல்லி எறங்க பயம்." பிறகு சீட்டிலேயே திரும்பி, கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தாள். "துளசி அண்ணே, ஐ.எல்.எஸ். ஐடெண்ட் வேலை செய்யுதா?"

கேப்டனும் திரும்பினார். "என்ன துளசி, சிஸ்டம் ஓகேதான?"

வாயில் பிஸ்கட் இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்கு ஆன இரண்டு விநாடியில் ஒரு மனிதன் எவ்வளவோ யோசிக்கலாம். நான் பிஸ்கட்டை விழுங்குவதைப் பற்றி மட்டுமே யோசித்தேன்.

"ஓகே சார்," என்றேன்.

கேப்டன் படிவத்தில் எழுதினார். இரண்டு ஃபெயில் என்றால் உதவித்தொகை அலுவலகத்துக்குக் கடிதம் போகும். திங்கட்கிழமை கடிதம் போனால், அடுத்த திங்கட்கிழமை பாண்டிமீனா மல்லிகைத் தோட்டத்தில் இருப்பாள். ஒன்றரை வருடப் படிப்பு.

அவள் எழுந்து, ஹெட்செட்டைச் சுருட்டிப் பையில் வைத்து, கதவோரம் ஆணியில் தொங்கும் பழுதுப் பதிவேட்டை எடுத்தாள். விமானமோ சிமுலேட்டரோ, கருவியில் குறை கண்டவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். டெக்னீசியன் பக்கத்திலேயே பதில் எழுதியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேலாக அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. கொசு அடிக்கத்தான் பயன்பட்டது. அவள் தூசியை ஊதிவிட்டு, நின்றபடியே எழுதினாள். 'ஐ.எல்.எஸ். ஐடெண்ட் ஒலி கேட்கவில்லை.' தேதி, நேரம், கையெழுத்து. ஏட்டைத் திரும்ப மாட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த ஒலியின் கதையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பையனைச் சேர்க்க வந்தது. சேர்மன் வழக்கம்போல சிமுலேட்டரைப் போடச் சொன்னார். பெற்றோர்களுக்கு எப்போதும் ஐ.எல்.எஸ்ஸைத்தான் காட்டுவோம். ஊசி நடுவில் நிற்கும், விமானம் தேன் மாதிரி இறங்கும். இந்தப் பக்கம் டீப்பாயில் அட்மிஷன் படிவம் தயாராக இருக்கும். இறங்கிய மயக்கத்தில் கையெழுத்து. அன்றைக்கு அந்த அம்மா பேனாவை எடுத்தபோது, சுவர் ஸ்பீக்கரில் ஐடெண்ட் வந்தது. ஐ.எல்.எஸ்ஸின் ஐடெண்ட் இரண்டு புள்ளியில் தொடங்கும். டிக், டிக். ஸ்பீக்கர் கூம்பில் ஓட்டை வேறு. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். "தெக்க பல்லி சொல்லுது. வேணாம்," என்றார். எழுந்தார்கள், போய்விட்டார்கள். ஸ்பீக்கர் தெற்குச் சுவரில்தான் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு குடும்பம். அதே சுவர், அதே டிக் டிக், அதே போல மூடிய பேனா.

"துளசி, அந்தப் பல்லிய அடி," என்றார் சேர்மன்.

"சார், அது பல்லி இல்ல. ரேடியோ."

"பல்லியோ ரேடியோவோ, வாயை மூடு."

என்னையா பல்லியையா என்று நான் கேட்கவில்லை. இதில் நான் சேர்மனைக் குறை சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அவர் கேட்டது சுவரில் சத்தம் வரக் கூடாது என்றுதான். ஸ்பீக்கரை மட்டும் நிறுத்தியிருக்கலாம், ஹெட்செட்டில் ஐடெண்ட் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதற்குப் பின்பலகையின் இருபத்திரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும். முன்பக்கம் ஒரே ஒரு நீல ஒயர். அதை வெட்டினால் இரண்டும் நின்றுவிடும். மதியம் ஒரு மணி. என் மனைவி ராதாமணி புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். புளியோதரை ஆறிப்போகும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை, அது ஆறினால்தான் நன்றாக இருக்கும். நான் நீல ஒயரை வெட்டினேன். வி.ஓ.ஆர். ஐடெண்ட் பிழைத்தது, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பது சேர்மனுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் தெற்குப் பல்லிக்கு என்ன பலன் என்று எடுத்தும் பார்த்தேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, முதல் வகுப்பு.

அதற்குப் பிறகு வந்த மாணவர்கள் முதலில் இரண்டு நாள் விழித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். ஐ.எல்.எஸ்ஸைத் தட்டியதும் "ஐடெண்டிஃபைடு", பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்வது மாதிரி. ஐம்பத்தோரு பேர். ஒருவர்கூட அண்ணே கேக்கலையே என்று என்னிடம் வந்ததில்லை. வந்தது இவள் ஒருத்திதான். அவளிடம்தான் ஓகே என்று சொன்னேன்.

என் கோபத்துக்கு ஒரு வியாதி உண்டு. அது நேரத்துக்கு வராது. சம்பவம் முடிந்து, நான் ஸ்கூட்டரை எடுத்து, வில்லாபுரம் சிக்னலைத் தாண்டியபிறகுதான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. சிவப்பில் நின்றுகொண்டே கேப்டனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு பதில்கள் சொன்னேன். சேர்மனுக்கு இரண்டு. பக்கத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பாட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. தெற்குவாசல் பாலத்தில் ஏறும்போது கோபம் திரும்பி என் மேலேயே ஏறியது. ஹேண்டில்பாரைக் குத்தினேன். கை வலித்தது, ஹாரன் அடித்தது, முன்னால் போன லாரிக்காரன் எட்டிப் பார்த்து என் அம்மாவைப் பற்றிக் கேட்டான்.

வீட்டுக்கு வந்து, அருண்பாண்டிக்கு போன் போட்டேன். அந்த ஐம்பத்தோரு பேரில் ஒருவன், இப்போது பெரிய விமானத்தில் வலது சீட்டில் இருக்கிறான். தினமும் காலையில் எனக்குப் பூப்படம் அனுப்புவான்.

"தம்பி, ஐ.எல்.எஸ். போடும்போது ஐடெண்ட் கேப்பியாப்பா?"

"அதெல்லாம் இங்கிட்டு ஸ்கிரீன்லயே எழுத்தா வந்துரும்ணே." சிரித்தான்.

"ஒரு நாளு எழுத்து வரலன்னா?"

சிரிப்பு நின்றது. "வரும்ணே," என்றான். பிறகு, "ஏண்ணே கேக்குறீங்க?" என்றான். சும்மாதான் என்று வைத்துவிட்டேன். வலது சீட்டுக்குப் பின்னால் எத்தனை சீட் இருக்கும் என்று எண்ணாமல் இருக்க முயன்றேன்.

ராதாமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். அந்த மொழியில் நான் கேப்டனைத் திட்டியது அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் நன்றாகவே திட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "பல்லி வாயைத் தைச்சது நீங்க. இப்ப பல்லி பேசலன்னு ஊரையெல்லாம் வையிறீங்க." பட்டாணி ஒன்று தரையில் உருண்டது. அதையும் நானே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. பதினொரு மணிக்குப் பெற்றோர் வருகை. நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது, கோழை ஒருவனுக்கு வரக்கூடிய மிகச் சிறந்த யோசனை. யாருக்கும் தெரியாமல் ஒயரை ஒட்டிவிடுவது. அடுத்த மாணவர்களுக்குக் கேட்கும், யாருக்கும் நஷ்டமில்லை, என் பெயரும் வெளியே வராது. நீல ஒயரின் இரண்டு முனைகளிலும் நான் அன்றைக்குச் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. சால்டரிங் அயர்ன் சூடாக மூன்று நிமிடம், ஒட்ட ஒரு நிமிடம். இரண்டரை வருடத்தை நான்கு நிமிடத்தில் ஒட்டிவிட்டேன். ஹெட்செட்டைப் போட்டுக் கேட்டேன். டிக், டிக், அதன் பின்னால் மற்ற எழுத்துகள். அழகாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது. ஈயப்புகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் வீரணன் பத்தே காலுக்கு வந்தார். கையில் பழுதுப் பதிவேடு இருந்தது. "இந்தப் பொண்ணு என்னத்தையோ கிறுக்கி வச்சிருக்கு. பதில் எழுதிரு துளசி, திங்கக்கிழமை கடுதாசியோட சேத்து அனுப்பணும்." அவரே ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்தார். முகத்தில் ஏதோ ஒன்று மாறியது, ஒரே விநாடிதான். என்னைப் பார்த்தார். சால்டரிங் அயர்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வேலை செய்யுதே. நல்லா கேக்குது. 'சோதித்ததில் குறை ஏதும் இல்லை'ன்னு எழுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒட்டியது ஒயரை அல்ல, அவளுடைய வாயை. இப்போது கருவி பேசுகிறது. யார் வந்து சோதித்தாலும் பேசும். கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் பொய்க்காரி, அல்லது செவிடு. நேற்றைக்காவது அவளிடம் ஓர் ஊமைக் கருவி சாட்சியாக இருந்தது. அதையும் நான் காலையில் சீக்கிரமாக வந்து, டீகூடக் குடிக்காமல், ஒழித்துவிட்டேன்.

"சார், உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "நேத்து கேக்கலன்னு."

"துளசி, நான் ஆறாயிரம் மணி நேரம் பறந்தவன். எனக்குத் தெரியாதா?" ஹெட்செட்டை மேஜையில் வைத்தார். "இது டப்பா. இதுல கேக்கும், கேக்காது. சொல்லிட்டுப் போக வேண்டியதுதான. அம்புட்டுப் பேரும் சொல்லிட்டுப் போகலையா? அதுக்கு மட்டும் என்ன?"

நான் ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் காத்திருந்த ஒன்று அப்போது நடந்தது. வில்லாபுரம் சிக்னல் இன்னும் ஆறு மணி நேரம் தள்ளி இருந்தது. கோபம் அங்கேயே, அந்த ஏசி வாளிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. முதலில் அது நெஞ்சுவலி என்றுதான் நினைத்தேன். கத்தத் தெரியவில்லை, பழக்கமில்லை. பதிவேட்டை இழுத்து, சட்டைப்பை பேனாவை எடுத்தேன். அழுத்தியதில் முதல் எழுத்தே காகிதத்தைக் கிழித்தது.

'ஐ.எல்.எஸ். ஐடெண்ட் ஒயர் இரண்டரை வருடத்துக்கு முன் என்னால் வெட்டப்பட்டது. இன்று காலை 8.20க்கு என்னால் ஒட்டப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் இது யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை. கு.ரா. துளசிராம்.'

கேப்டன் தலைகீழாகவே படித்தார். படித்து முடித்ததும் ஏட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"யாருக்கும்னு எழுதிருக்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அம்பத்தோரு ரிப்போர்ட்ல ஐடெண்டிஃபைடுன்னு நான் டிக் அடிச்சிருக்கேன் துளசி. அவனெல்லாம் இன்னைக்கு எங்கெங்கயோ பறக்குறான்."

"அதுனாலதான் சார் எழுதுறேன்."

"உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு."

"இருக்கு சார். அவளுக்குத்தான் நான் பதில் சொல்லணும். நீங்க கோவப்பட்டா வீட்டுக்கு அனுப்புவீங்க. அவ கோவப்பட்டா எங்க சார் போறது?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையை எடுக்கவும் இல்லை. விரல்கள் காகிதத்தின் ஓரத்தை வருடிக்கொண்டிருந்தன. பக்கங்களில் எண் அச்சடித்திருக்கும், கிழித்தால் தெரிந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கீழே லேத் நின்று, திரும்ப ஓடியது.

கதவு திறந்தது. பாண்டிமீனா. ஞாயிறன்று விடுதியைக் காலி செய்வதற்காகச் சான்றிதழ்களைக் கேட்டு வந்திருக்கிறாள் என்பது கையிலிருந்த கோப்பிலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னாலேயே சேர்மன், அவருடன் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியரும், பட்டுப்புடவை கட்டிய அவர் மனைவியும், நெட்டையாக ஒரு பையனும். மணி பதினொன்று ஆகவில்லை. ராகுகாலம் பத்தரைக்கே முடிந்துவிட்டது என்று சீக்கிரம் வந்துவிட்டார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. துளசி, போடுப்பா," என்றார் சேர்மன்.

பாண்டிமீனா ஒதுங்கிச் சுவரோரம் நின்றாள். கேப்டன் ஏட்டை விட்டுக் கையை எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் விமானத்துக்குள் ஏறினான். நான் திரையைப் போட்டேன். மேகம் வந்தது. பேராசிரியரின் மனைவி டீப்பாயில் படிவத்தை நேராக்கிவைத்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெயர் எழுதிவிட்டார். ஊர் எழுதிவிட்டார்.

ஸ்பீக்கரை நிறுத்துவதற்கு இன்னும் நேரமிருந்தது. சேர்மன் காதில் பல்லி விழாமலிருக்க, காலையிலேயே அந்த இருபத்திரண்டு திருகுகளையும் கழற்றி, ஸ்பீக்கருக்கென்று என் மேஜையில் ஒரு குமிழ் வைத்திருந்தேன். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. அதைத் தொட்டபடியே, மறு கையால் ஐ.எல்.எஸ்ஸைப் போட்டேன். பிறகு குமிழைக் கூட்டினேன், முழுவதுமாக.

டிக், டிக்.

கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு மேல் அந்த அம்மாவின் பேனா ஒரு விரல் உயரத்தில் நின்றது. அவர் மெல்லத் தலையைத் தூக்கித் தெற்குச் சுவரைப் பார்த்தார். சேர்மன் அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. கேப்டன் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் பாண்டிமீனா கோப்பை மார்போடு அணைத்தபடி கண்ணைப் பாதி மூடியிருந்தாள். அடுத்த எழுத்து வந்தது, அதற்கடுத்தது வந்தது, அவள் உதடுகள் ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன.